ஏழரை வரை நின்ற வெயில்

மாத்திரை தொடங்கிய இருபத்து மூன்றாம் நாள், பல்லக்காவின் முன்னறைக்குள் மாலை நாலு மணிக்கு வந்த வெயில் ஏழரை வரை வெளியே போகவில்லை. தெருவில் ஆறேகாலுக்கே இருட்டிவிட்டது, எதிர்வீட்டில் விளக்கும் போட்டாயிற்று. இவள் மேசைமீது மட்டும், ஜன்னல் கம்பிகளின் நிழலோடு, ஒரு பாய் அகலத்துக்கு வெயில் கிடந்தது. அதில் உட்கார்ந்து அவள் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருடைய கீழ்வரிசைப் பற்களை மெழுகில் நட்டு முடித்தாள். ஏழு முப்பத்திரண்டுக்கு வெயில் எழுந்து போனது. இந்த நேரத்தில் பிழை இருக்க வாய்ப்பில்லை. அவள் கணவன் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் குறித்தார். ஏழரை என்றால் சனிதானே நிற்கும், வெயில் எங்கே நிற்கும் என்று தெருவில் சிலர் கேலி செய்தார்கள். வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

பல்லக்கா என்பது தெரு வைத்த பெயர். மூன்று பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, அதன்மேல் மெழுகு வைத்து, பல் பல்லாக நட்டு, வீட்டிலிருந்தே பல் செட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். பெயரைப் புதிதாகக் கேட்பவர்கள் பல்லக்கு என்று காதில் வாங்கிக்கொண்டு, யாரைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று விசாரிப்பதுண்டு. அதற்கு அவள் முன்பெல்லாம் ஒரு பதில் வைத்திருந்தாள். மாத்திரைக்கு முந்தைய இரண்டு வருடத்தில் அந்தப் பதில் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அந்த இரண்டு வருடம் அவளிடம் எதுவும் தங்கவில்லை. காரணம் தேடிப் பார்த்தார்கள். சாவு இல்லை, சண்டை இல்லை, வெளியூரில் வேலை பார்க்கும் மகளும் சௌக்கியமாகவே இருந்தாள். ஆனால் டீயை ஆற்றித் தம்ளரில் ஊற்றினால் அது உதட்டுக்கு வருவதற்குள் ஜில்லிட்டுவிடும். மகளுக்குப் பதவி உயர்வு என்று போன் வந்தது. சந்தோஷம் காதுவரை வந்தது, ரிசீவரைக் கீழே வைப்பதற்குள் போய்விட்டது. நாலு மணி வெயிலும் அப்படித்தான். தெருவெல்லாம் ஆறு மணிவரை காயும் வெயில், அவள் மேசையில் ஒரு பல்லை நடுவதற்குள் கிளம்பிவிடும். அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. ஒரு நாள் டைம் கீப்பர் காலை எட்டரைக்கு வேலைக்குப் போகும்போது அவள் கையில் ஒரு முன்பல் இருந்தது. மாலை மூன்றரைக்குத் திரும்பியபோதும் அதே பல் அதே விரல்களுக்கிடையில் இருந்தது. மறுநாளே மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா முக்கால் மணி நேரம் கேட்டார், கால் மணி நேரம் சொன்னார். உடம்பில் செரோட்டோனின் என்று ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பங்கு குடலில்தான் உண்டாகிறது. ரத்தத் தட்டணுக்கள் அதை வாங்கிச் சுமந்து திரிகின்றன. மூளையில் இருப்பது சொற்பம், அதை மூளை தனக்கென்று தானே செய்துகொள்கிறது. ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குச் சேதி சொல்ல அதை நடுவில் உள்ள இடுக்கில் விடும். விட்டதைத் திரும்ப அள்ளி உள்ளே கொண்டுபோகச் சுமைதூக்கி போல ஒரு புரதம் வாசலிலேயே நிற்கும். இந்த மாத்திரை அந்தச் சுமைதூக்கியைக் கொஞ்சம் உட்கார வைக்கும். இடுக்கில் விட்டது கொஞ்ச நேரம் கூடுதலாக இருக்கும். மாற்றம் தெரிய மூன்று நாலு வாரம் ஆகும், ஏன் அத்தனை வாரம் என்பதை இன்னும் முழுதாகக் கண்டுபிடிக்கவில்லை என்றார். அப்படியானால் இவளுக்கு அது குறைந்துவிட்டதா என்று டைம் கீப்பர் கேட்டார்.

"தொட்டியில தண்ணி குறைஞ்ச மாதிரி நினைச்சுக்காதீங்க. அவ்வளவு சுலபமா இருந்தா நான் பம்ப் மெக்கானிக்கா போயிருப்பேன்."

திரும்பி வரும் வழியில் டைம் கீப்பர், உள்ளே நிற்கிறவன் பல்லக்குத் தூக்கிதான் போலிருக்கிறது, சாமி வாசலைத் தாண்டுவதற்குள் ஊர்வலத்தைத் திருப்பிவிடுகிறான் என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னது நன்றாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

முதலில் பதில் சொன்னது வயிறு. பத்து நாள் குமட்டிற்று. மாலையானால் அவள் வயிற்றிலிருந்து பேருந்து பின்னால் எடுக்கும் சத்தம் வந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் இரண்டு முறை வாசலுக்கு வந்து வழிவிட்டார். குடலில் நிறைய இருப்பதால் முதலில் அங்கேதான் கலகம் நடக்கும், அடங்கிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், அடங்கியது. இரண்டாம் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் வாரம் டீ கடைசி வாய்வரை சூடாக இருந்தது. அதன் பிறகுதான் மேலே சொன்ன வெயில்.

அதற்குப் பின் அது வழக்கமாயிற்று. டைம் கீப்பர் ஒரு நோட்டில் வருகை 4.02, புறப்பாடு 7.32 என்று தினமும் எழுதினார். தையல்காரர் கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் கோக்கும் வேலையையெல்லாம் மாலைக்கு ஒத்திவைத்து இங்கே கொண்டுவந்தார். மாடிவீட்டுக்காரி தலை குளித்தால் இறங்கி வந்து முடியை உலர்த்திக்கொண்டு போனாள். அனுமதியில்லாத விளக்கு என்று யாரோ மனுப் போட, நகராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து சுவரெல்லாம் தட்டிப் பார்த்தார். கம்பி எதுவும் அகப்படவில்லை. அறிக்கையில் 'வெயில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பத்து நிமிடம் முதுகைக் காயவைத்துக்கொண்டு கிளம்பினார். டாக்டரம்மா தூக்கம் எப்படி, வாய் உலர்கிறதா என்று கேட்ட அதே குரலில் வெயில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டு, கோப்பில் எழுதிக்கொண்டு, அளவைக் கூட்டத் தேவையில்லை என்றார்.

மூன்றாம் மாதம் மெழுகுக் கத்தி வழுக்கி அவள் இடதுகை ஆள்காட்டி விரலில் இறங்கியது. சாதாரணமாக ஐந்து நிமிடத்தில் நிற்கும் ரத்தம் இருபத்தைந்து நிமிடம் நிற்கவில்லை. அன்று நாத்தனார் வந்திருந்தார். டைம் கீப்பருக்கு அக்கா, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. அவர் நடந்தால் காற்றுகூட வரிசையில் நிற்கும் என்பார்கள். துணியைச் சுற்றிக் கட்டியதும் அவர்தான், கட்டிக்கொண்டே பேசியதும் அவர்தான். தெருவே மெச்சிய வெயிலை அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"ரத்தமே நிக்க மாட்டேங்குது, பாரு. சிரிப்பைக் கடையில வாங்கி முழுங்கினா இப்படித்தான். நாளைக்கு நீ சிரிச்சா அது நீ சிரிக்கறதா, மாத்திரை சிரிக்கறதா?"

நாத்தனார் மறுநாள் ஊருக்குப் போய்விட்டார். பல்லக்கா மாத்திரையை நிறுத்தினாள். யாருக்கும் சொல்லவில்லை. தினம் ஒன்றைப் பிரித்துப் பல் போட்டுவைக்கும் டப்பாவுக்குள் போட்டாள். மூன்றாம் நாள், தலையைத் திருப்பினால் உள்ளே மின்சாரம் சுரீர் என்றது. தரை படகுபோல் ஆடிற்று. ஆறாம் நாள் வெயில் ஐந்து மணிக்கே எழுந்து போனது. பன்னிரண்டாம் நாள் ஜன்னல்வரை வந்து, எட்டிப் பார்த்து, அப்படியே திரும்பியது. டைம் கீப்பர் அன்றைய தேதிக்கு எதிரே 'ரத்து' என்று எழுதினார். காரணம் புரியவில்லை. பதினாலாம் நாள் ஒரு பல் டாக்டர் போன் செய்து, செட்டைப் பொருத்திப் பார்க்கும்போது வலது கடைவாய்ப் பல் கசப்பதாக நோயாளி துப்பிவிட்டார், பாதி கரைந்தும் விட்டது, என்ன பல் வைத்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார்.

டைம் கீப்பர் டப்பாவை மேசையில் கவிழ்த்தார். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே மாத்திரைகளைப் பொறுக்கி எண்ணினால் பதின்மூன்று இருந்தன.

"எப்பலேருந்து?"

"அக்கா போனதுலேருந்து." அவள் பற்களை மட்டும் எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். "அது மாத்திரையோட வெயிலுங்க. என்னோடது இல்லை."

அவர் நோட்டை எடுத்து, படிப்பதற்கில்லாமல் சும்மா புரட்டினார்.

"தினமும் நான்தானே குறிச்சேன். ஒரு நாள்கூட அது மாத்திரை டப்பாவுலேருந்து வரலை. ஜன்னல் வழியாத்தான் வந்துச்சு. எப்பவும் வர்ற வெயில்தான். சீக்கிரம் கிளம்பாம இருந்துச்சு, அவ்வளவுதான்."

அவள் அதைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். பிறகு, டாக்டரிடம் திட்டு வாங்க வேண்டியிருக்குமே என்றாள். வாங்கிக்கொள்ளலாம், நானும் கூட வருகிறேன் என்றார் அவர்.

டாக்டரம்மா திட்டவில்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, நிறுத்துவதென்றால் படிப்படியாக, சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும் என்றார். விரலைப் பார்த்துவிட்டு வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டார். குனிந்தே வேலை செய்வதால் கழுத்துவலி, அதற்கு மருந்துக்கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கித் தினமும் போட்டு வந்தது அப்போதுதான் வெளியே வந்தது. மூளையில் நிற்கும் அதே சுமைதூக்கிதான் தட்டணுக்களின் வாசலிலும் நிற்கிறான். காயம் பட்டால் ரத்தம் உறைய அங்கே அவன் சேர்த்து வைத்த செரோட்டோனினும் உதவும். அவனையும் உட்கார வைத்துவிட்டு மேலே வலி மாத்திரையும் போட்டால் ரத்தம் நிதானமாகத்தான் நிற்கும் என்று விளக்கினார். வலி மாத்திரையை நிறுத்தினார். மேசையை நாலு விரல் உயர்த்தச் சொன்னார். தச்சர் வந்து கட்டை அடித்தார், கழுத்துவலி போயிற்று. இந்த முறை பத்தொன்பதாம் நாளே வெயில் தங்கத் தொடங்கியது.

தம்பியின் மனைவி மறுபடி மாத்திரை போடுகிறாள் என்று கேள்விப்பட்டு நாத்தனார் பள்ளிக்கூட விடுமுறையில் வந்து இறங்கினார். பேச வேண்டியதையெல்லாம் பேருந்திலேயே அடுக்கி வைத்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. முன்னறையில் வேறு நாற்காலி காலி இல்லாததால் இந்த முறை வெயிலில் உட்கார நேர்ந்தது. அப்போது நாலரை. ஐந்து ஆயிற்று, ஆறு ஆயிற்று, அவர் பேசவில்லை. தையல்காரர் நூல் கோத்துக்கொண்டு போனார், மாடிவீட்டுக்காரி முடியை உதறிக்கொண்டு போனாள். பல்லக்கா ஒரு மேல்வரிசையை முடித்து அடுத்ததை எடுத்தாள். ஏழு முப்பத்தொன்றுக்கு நாத்தனார் தொண்டையைச் செருமினார்.

"பெரியவன் பொறந்ததுலேருந்து எங்கிட்ட எதுவுமே நிக்கலை. முப்பத்தோரு வருஷம். எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன்."

பல்லக்கா கையிலிருந்த பல்லைக் கீழே வைத்தாள்.

"அந்த டாக்டர் என்னைக்கு இருப்பாங்க?"

"செவ்வாயும் வெள்ளியும். நானும் வரேன், அக்கா."

பல்லக்கா ஒன்றரை வருடம் மாத்திரை சாப்பிட்டாள். பிறகு டாக்டரம்மா பாதியாக்கி, காலாக்கி, மாதக்கணக்கில் குறைத்து நிறுத்தினார். வெயிலும் அதே நிதானத்தில் ஏழு, ஆறே முக்கால், ஆறரை என்று பின்வாங்கி, கடைசியில் தெருவைவிடப் பத்து நிமிடம் தாமதமாகப் போவதென்று முடிவு செய்துகொண்டது. அந்தப் பத்து நிமிடத்தை யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஐந்தாறு வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில் டீ மறுபடி சீக்கிரம் ஆறத் தொடங்கியபோது, அவளே குடையை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போய்விட்டாள். டைம் கீப்பருக்கே மாலையில்தான் தெரியும்.

நாத்தனார் வீட்டில் வெயில் அப்படி ஒன்றும் நிற்கவில்லை. அவருக்கு முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் இரண்டாவது மாற்றினார்கள். ஏழாம் வாரத்தில் அந்த வீட்டில் பேச்சு தங்கி நிற்க ஆரம்பித்தது. காலையில் கூடத்தில் பேசியது மாலைவரை அங்கேயே இருந்தது, அலமாரிப் பக்கம் போனால் தெளிவாகக் கேட்டது. முதல் சில நாள் அவர் கணவருக்குச் சிரமமாக இருந்தது. பிறகு அந்த வீட்டார் எல்லோரும் காலையில் கொஞ்சம் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டார்கள். மதியம் வரும் விருந்தாளிகள் ஆளில்லாத கூடத்தில் "சாப்ட்டுட்டுப் போங்க" என்று குரல் கேட்டால், சரி என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போவார்கள்.