எந்தச் சம்பந்தமும் கிடையாது

கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளரை எல்லாரும் ‘கிரேன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கையைத் தூக்கினால் மொத்த வேலையும் அந்தரத்தில் நின்றுவிடும். அன்று கட்டட வாசலில் தூக்கிய கை, சங்கத்தைக் கேட்காமல் வெளியாட்களை வேலைக்குக் கூட்டி வந்த சூப்பர்வைசர்மேல் இறங்கியது. சூப்பர்வைசருக்குக் கை முறிந்தது. யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது.

தேர்தல் நேரம். கட்சியின் வட்டத் தலைவர், அதாவது கிரேன் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன், அரக்கப்பரக்க நிருபர்களைக் கூப்பிட்டார்.

“அந்தச் சங்கத்துக்கும் எங்க கட்சிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது!”

முழங்கிவிட்டு அவர் எழுந்தபோது, நாற்காலியின் முதுகில் ‘சங்கத்தின் அன்பளிப்பு’ என்று எழுதியிருந்தது டிவியில் பளிச்சென்று தெரிந்தது.

தங்கை உடனே போன் போட்டாள்.

“ஏண்ணே, சம்பந்தமே இல்லேன்னா, இந்த மனுஷனை எனக்குப் பேசி முடிச்சது யாரு?”

“அது குடும்பம்மா. இது கொள்கை.”

கொள்கை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கட்சியின் பெரிய தலைவர் பேச வருவதாகச் சேதி வந்தது. மேடை போட ஆள் இல்லை, லாரி இல்லை, கைதட்டவும் நாதி இல்லை. இத்தனை வருஷமும் எல்லாமே சங்கத்து ஆட்கள்தான்.

வட்டத் தலைவர் தங்கை வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்தார். ஜாமீனில் வந்திருந்த கிரேன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“யாரு சார் நீங்க?” என்றார் தலை நிமிராமல்.

“விளையாடாதீங்க மாப்ளே. மேடை வேணும்.”

“போட்டுடலாம் மச்சான். என் கேஸு?”

“வீடியோவுல வெறும் தள்ளுமுள்ளுதான் தெரியுது. அந்தாளு தானா வழுக்கி விழுந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது.”

“எப்படி வழுக்குவான்? நான்ல குறி பாத்து அடிச்சேன்!” கிரேனுக்குப் பெருமை தாங்கவில்லை.

சோறு போட வந்த மனைவி கரண்டியோடு நின்றாள்.

“கை ஒடைஞ்ச ஆளை யாராவது போய்ப் பாத்தீங்களா?”

“பாக்கத்தானேம்மா போறேன். நீயும் வா, பொம்பளை கூட இருந்தா மரியாதையா இருக்கும்,” என்றார் அண்ணன்.

சூப்பர்வைசர் வீட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி குழந்தைக்குப் போடுவதுபோல அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். தங்கை பழப்பையை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வட்டத் தலைவர் விஷயத்தைத் தேன் தடவிச் சொல்லி முடித்தார்.

“வழுக்கி விழுந்தேன்னே சொல்லிடலாம்,” என்றார் சூப்பர்வைசர். “எதுல வழுக்கினேன்னு கேப்பாங்களே. உங்க மாப்பிள்ளை கைலன்னு சொல்லட்டுமா?”

திரும்பும் வழியெல்லாம் வட்டத் தலைவர், அவன் வழிக்கு வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சொன்ன நாளில் மேடை எழுந்தது. “சட்டத்தைக் கையில் எடுப்பவர்களுக்கு நம் கட்சியில் இடமில்லை!” என்று பெரிய தலைவர் கர்ஜித்தார். மேடையோரம் நின்ற கிரேன்தான் முதலில் கை தட்டினார். அவர் தட்டியதால் மைதானமே தட்டியது.

மறுநாள் சூப்பர்வைசர் வாக்குமூலம் கொடுக்கக் காவல் நிலையம் போனார்.

“கூட்டத்துப் பாதுகாப்புல எல்லாரும் ஓய்ஞ்சு போயிருக்கோம். அப்புறமா வாங்களேன்,” என்று இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார்.

“பரவால்ல, உக்காந்திருக்கேன்.”

பெஞ்சில் ஏற்கெனவே கிரேனின் மனைவி இருந்தாள். நகர்ந்து இடம் விட்டாள்.

“நீங்க எதுக்கும்மா இங்க?”

“வீட்டுக்காரர் சாப்பிடறப்போ சொன்னதை இவங்ககிட்டயும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

இன்ஸ்பெக்டருக்குத் தூக்கம் சட்டென்று கலைந்தது.