மயில்சாமி விட்டுக்கொடுத்த தண்ணீர்

மதுரையில் சேனாதிபதிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது, "இவருக்கு டென்ஷன் ஆகக் கூடாது" என்று பெரிய டாக்டர் போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொன்னார். அவர் மனைவி ரோகிணி அதை முருகனுக்கு நேர்ந்துகொண்ட விரதம் மாதிரி பிடித்துக்கொண்டாள். கொடைக்கானல் பக்கத்து வில்பட்டி வீட்டில் அன்றோடு டிவியில் செய்தி நின்றது, கிரிக்கெட்டும் நின்றது. அவருடைய போன் எங்கே போனதென்று அந்தப் பழனி ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

பார்க்க வந்தவர்களை ரோகிணி வாசலிலேயே மறித்துக் காதில் ஏதோ ஓதித்தான் உள்ளே விட்டாள். வந்தவர்கள் எல்லாரும் பல் தெரியச் சிரித்தார்கள். கேரட் தோட்டம் எப்படி இருக்கிறதென்று கேட்டால், "அதுக்கென்ன, ஜம்முனு கெடக்கு" என்று ஒரே பாட்டைப் பாடினார்கள். எந்த விவசாயியாவது வெள்ளாமையை ஜம்மென்று இருப்பதாக ஒப்புக்கொள்வானா? சேனாதிபதிக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

அதையும் அவர் தாங்கியிருப்பார். மயில்சாமி வந்துதான் காரியத்தைக் கெடுத்தார். இருவர் தோட்டத்துக்கும் ஒரே ஓடைத் தண்ணீர். யார் முறை என்பதில் மீசை முளைத்த காலத்திலிருந்து சண்டை. கல்யாணப் பந்தியில்கூட முகம் பார்த்து உட்கார மாட்டார்கள். அந்த மயில்சாமி ஒருநாள் வெள்ளனே ஒரு பை ஆரஞ்சோடு வந்து, கட்டில் ஓரம் உட்கார்ந்து, குழைந்து பேசினார்.

"மச்சான், இனிமே தண்ணிய நீங்களே மொதல்ல பாய்ச்சிக்கங்க. மிஞ்சுறது எனக்குப் போதும்."

சேனாதிபதி ஆரஞ்சுப் பையைத் தள்ளி வைத்தார். மயில்சாமியே தண்ணீரை விட்டுக்கொடுக்கிறார் என்றால், டாக்டர் நாள் குறித்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் மாலை போட்ட தன் படம்தான் தெரிந்தது. செத்துப்போக அவருக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை.

அடுத்த செக்கப்புக்குக் கொடைக்கானல் கிளினிக்குக்குப் போனார்கள். பிரஷர் பார்த்த டாக்டர் சுசித்ரா முகத்தைச் சுளித்தார்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா? ஏன் இவ்வளவு ஏறியிருக்கு?"

"அத விடுங்க டாக்டரம்மா. எனக்கு இன்னும் எத்தன நாளு? ஒளிக்காமச் சொல்லுங்க. இருக்கிற சோலியெல்லாம் வெரசா முடிக்கணும்."

"யார் சொன்னது? எக்கோ ஸ்கேன் நல்லா வந்திருக்கு. நீங்க தாராளமா வாக்கிங் போகலாம்."

"அப்ப மயில்சாமி ஏன் தண்ணிய விட்டுக்குடுத்தாரு?"

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரோகிணிக்கு விளங்கிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"காட்டுமாடு கூட்டமாப் பூந்து கேரட்ட மேஞ்சிருச்சுங்க. பாதித் தோட்டம் போச்சு. ஒங்க காதுக்கு வந்தா என்னாகுமோன்னு ஊரையே வாயத் தெறக்க விடாம வச்சிருந்தேன். தண்ணிச் சண்ட வேணாம்னு அவருகிட்டயும் நான்தான் கெஞ்சுனேன்."

சேனாதிபதி வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி சிரித்தார். "மாடு மேஞ்சதுக்கா நான் சாகத் தயாராக் கெடந்தேன்?" கேரட் போனது வலிக்கத்தான் செய்தது. ஆனால் போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்துக்கு முன்னால் கேரட் எம்மாத்திரம்!

"கெட்ட சேதின்னாலும் பக்குவமாச் சொல்லிடுங்கம்மா," என்றார் டாக்டர். "என்னவோ ஏதோன்னு தவிக்கிறதும் இதயத்துக்குப் பாரம்தான்." பேசிக்கொண்டே, அழுகை நிற்காத ரோகிணியின் கையிலும் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். அவர் புருவம் உயர்ந்தது. "ஐயா, உங்களைவிட இவங்களுக்குத்தான் ஜாஸ்தி."

சேனாதிபதியின் சிரிப்பு நின்றுபோனது. தன்னிடம் வராமல் தடுத்த கவலையெல்லாம் எங்கே போயிருக்கிறதென்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனி ஒளிக்கிறது வேணாம் புள்ள. பயந்தா ரெண்டு பேரும் சேந்தே பயப்படுவோம்."

ரோகிணி மூக்கை உறிஞ்சினாள். "அப்ப ஒண்ணு சொல்லணுங்க... தண்ணி எறைக்கிற மோட்டாரும் எரிஞ்சு போச்சு."

"சொல்லு, சொல்லு," என்றார் சேனாதிபதி, பிடித்த கையை விடாமல்.