ஓடிப்போன எட்டுப் புழுக்கள்

மூன்றாவது ஜாடியின் மூடியைத் திறந்ததும் குப்பென்று அடித்த நாற்றத்தில் அவளுக்குக் குடலே வாய்க்கு வந்துவிட்டது. சோதனைக்கூடத்தில் அவளுக்குப் பெயரே புழு மேடம்தான். உயிரோடு நெளியும் மண்புழுவைக் கையில் அள்ளும்போது அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. செத்து அழுகியது வேறு சங்கதி. கருமம், அதற்கு யார்தான் பழக முடியும்?

பிளாஸ்டிக் ஆலை ஒன்று, தன்னிடம் மிஞ்சும் வெள்ளைப் பொடியை மண் இறுகாமல் இருக்கத் தூவலாம் என்று சொல்லித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு விற்கப் பார்த்தது. மண்ணில் வாழும் உயிர்களுக்கு அது ஆகுமா ஆகாதா என்று சொல்ல வேண்டியவள் அவள். முதல் ஜாடியில் வெறும் மண். இரண்டாவதில் பொடி கொஞ்சம். மூன்றாவதில், தோட்டத்தில் தூவச் சொல்லும் அதே அளவு. ஜாடிக்குப் பத்துப் புழு. இரண்டு வாரம் கழித்து மண்ணைத் தட்டில் கொட்டி, ஊசி முனையால் தலைப்பக்கம் மெல்லத் தொட்டால் உயிருள்ளது வெடுக்கென்று சுருளும்.

முதல் ஜாடியில் பத்தும் துள்ளின. இரண்டாவதில் பத்தும் ஏனோதானோவென்று அசைந்தன. மூன்றாவதைக் கொட்டினால் மண்ணா கூழா என்றே தெரியவில்லை. ஒரு புழு பாதி அறுந்து கிடந்தது. இன்னொன்று பிசுபிசுவென்று ஊசியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மிச்சம் எட்டையும் காணோம்.

கூடத்தின் முதலாளி, அவளுடைய சித்தப்பா, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தவர் அவர்தான். போன வாரம் ஆலைக்காரர் சித்தியின் மாடித் தொட்டிகளுக்கென்று ஒரு மூட்டைப் பொடியை ஓசியில் வீட்டுக்கே அனுப்பியிருந்தார். அன்றைக்கு இவருக்கு வாயெல்லாம் பல்.

"எத்தனைம்மா செத்துச்சு?"

"பத்தும், சித்தப்பா."

"எங்க பத்து? ரெண்டுதானே கெடக்கு?"

"மிச்சமெல்லாம் அழுகிக் கரைஞ்சு போச்சு. காணாமப் போனதும் செத்த கணக்குதான். நீங்களே சுவத்துல ஒட்டிவெச்ச விதி."

அவர் குழைந்து சிரித்தார். "செத்ததை நீ கண்ணால பாத்தியா? ரெண்டு செத்துச்சு, எட்டு ஓடிப்போச்சுன்னு போடு. அந்த மனுஷன் முன் அறையில காத்துட்டிருக்கார்."

"மூடி இறுக்கமா இருந்துச்சு. ராப்பகலா விளக்கு எரியுது, வெளிச்சத்துக்குப் பயந்து ஒரு புழு மேல வராது. ஓடியிருந்தா தரையில காஞ்சு கெடக்கணுமே, எங்க?"

"எறும்பு இழுத்துட்டுப் போயிருக்கும்."

"முதல் ஜாடி அந்த எறும்புக்குப் பிடிக்கலையாக்கும்?"

"வாய்க்கு வாய் பேசாதே!" சிரிப்பு போய்விட்டது. "ஒரு வார்த்தைதானே மாத்தச் சொல்றேன்? இந்த ஆளு போயிட்டா கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான். எழுதி வை, வர்றேன்."

அவள் பேனாவை எடுத்தாள். என்ன இருந்தாலும் சோறு போட்டு வளர்த்தவர். மனசைக் கல்லாக்கிக்கொண்டு 'இரண்டு செத்தன, எட்டு' என்பது வரை எழுதினாள். அப்போது நடையிலிருந்து அவர் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"இந்தா, அந்த மூட்டையப் பிரிச்சுடலையே? தொடாதே. பேரப்பிள்ளைங்கள மாடிக்கு விடாதே. ஒண்ணுமில்ல, சொன்னாக் கேளு. நான் வந்து தூக்கிப் போடறேன்."

பேனா நின்றது. ச்சீ, இப்படியும் ஒரு பிறவியா! ஊரான் வீட்டுப் பிள்ளைகள் அந்த மண்ணில் புரளலாம், இவர் வீட்டுப் பிள்ளைகள் மாடிப்படி ஏறக் கூடாது. புழுக்களாவது செத்த பிறகுதான் நாறின. அவள் எழுதியதைப் பேப்பர் கிழிய அடித்துவிட்டு, 'பத்தும் செத்தன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வந்தவர் அதைப் படித்தார். முகம் கறுத்தது. "உனக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன்!"

"செஞ்சீங்க. அதனாலதான் இவ்வளவு நேரம் வாந்தி எடுக்காம நிக்கிறேன்."

"மாத்துடி அதை."

"மாத்தறேன். சித்திக்குப் போன் போட்டு, அந்தப் பொடிய அவங்க கையாலேயே தொட்டியில கொட்டச் சொல்லுங்க. அடுத்த நிமிஷமே மாத்திடறேன்."

போன் அவர் கையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன சார், முடிஞ்சுதா?" முன் அறையிலிருந்து ஆலைக்காரரின் குரல் வந்தது.

அவள் தட்டை அப்படியே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனாள். சித்தப்பா "ஏய், ஏய்" என்று பின்னாலேயே ஓடிவந்தார். காபி குடித்துக்கொண்டிருந்தவரின் மூக்குக்கு நேரே அதை மேஜையில் வைத்தாள். மனுஷன் ஓங்கரித்தபடி நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலைப் பார்த்து ஒரே ஓட்டம் பிடித்தார்.

"நல்லாப் பாத்துக்கோங்க, சித்தப்பா," என்றாள் அவள். "ஓடிப்போறதுன்னா இதுதான்."