அனுமதித்தவரும் நாங்களே

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அக்கா துணி மடித்தபடி புலம்பியது. அவள் புலம்ப, நான் முதல் வரியை யோசித்துக்கொண்டிருந்தேன்.

'கணினித் திரையின் நீல ஒளியில் அவள் முகம்...'

(சே! அவள் மேசை ஜன்னலோரம். பட்டப்பகலில் ஏது நீல ஒளி?)

2

விஷயம் இதுதான். அவர்கள் விற்கும் மென்பொருள் தனியாக ஓடாது. வேறொருவர் எழுதிய லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்றும் கூடவே போக வேண்டும். தாராளமாகச் சேர்த்து அனுப்பலாம், காசு வேண்டாம். தன் பெயர் போட்ட அனுமதி உரிமத்தை மாற்றாமல் வைத்தால் போதும் என்கிறார் எழுதியவர்.

மேனேஜரோ, 'பதிப்புரிமை' என்று வரும் இடமெல்லாம் கம்பெனி பெயரைப் போடச் சொல்லிக் கணினியில் ஒரே தட்டில் மாற்றிவிட்டார். அந்த உரிமமும் அதில் மாட்டிக்கொண்டது. இப்போது கம்பெனி, கம்பெனிக்கே பெருந்தன்மையாக அனுமதி தருகிறது. (நான் கற்பனை செய்ததாக இருந்தால் 'ரொம்ப ஓவர்' என்று பத்திரிகையில் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.)

3

திருத்திவிட்டால் போச்சு என்பீர்கள். சரக்கு ஏற்கெனவே பல இடங்களுக்குப் போய்விட்டது. திருத்தினால் தப்பை எல்லோரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கிடையில் புது வாடிக்கையாளர் ஒருவர், உள்ளே இருப்பதெல்லாம் முறையான உரிமத்தோடு இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார். கையெழுத்துப் போட வேண்டியவள் அக்கா.

"அதையெல்லாம் யாரும்மா திறந்து படிக்கப் போறாங்க?" என்றாராம் மேனேஜர்.

"நான் படிச்சேனே சார்."

"அதாம்மா பிரச்சனையே!"

இவரை வில்லனாக்கலாம் என்று ஒரு முரட்டு மீசை வைத்தேன். அக்கா அந்த வரியை அடித்துவிட்டாள். "பாவம்டா, மேல இருக்கறவங்க அவரு உயிரை வாங்கறாங்க."

4

'முடிவு ஒன்று: ராஜினாமா கடிதத்தை மேசைமேல் வீசிவிட்டு அவள்...'

அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "வீசினா உன் வாசகருங்க கைதட்டுவாங்க. மறுநாள் வேலை தேடி அலையறது யாரு, நீயா?"

'முடிவு இரண்டு: பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்து...'

"கேஸ் வந்தா என் பேருடா அது. உன் புனைபெயர் இல்ல."

"அப்ப நான் எப்படித்தான்க்கா முடிக்கிறது?"

"எனக்கே தெரியலடா," என்றாள். மடித்து வைத்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். எனக்குக் கதையே வெறுத்துப்போனது.

5

திங்கட்கிழமை அந்த உறுதிமொழிக் காகிதம் அவள் மேசைக்கு வருகிறது. 'போடாதே' என்று சொல்ல நினைப்பவர்கள் முதலில் அவளுக்கு ஒரு வேலை பார்த்து வையுங்கள். 'போட்டுத் தொலை' என்பவர்களுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். உங்கள் சொந்தப் பெயரில் போடுங்கள்.

கையொப்பம்: ..............................