நுரை இல்லாத கடல்

...கழுத்தைத்தான் நெரிக்க வேண்டும், கத்தியெல்லாம் எதற்கு, கட்டைவிரல் இரண்டும் தொண்டைக்குழியில் இறங்க இறங்க அந்தக் கேப்டனின் கண் பிதுங்க வேண்டும், அப்போது கேட்க வேண்டும், இப்பவாவது தெரியுதாடா என் தம்பியோட படகு என்று. மேசைக்கடியில் அவன் விரல்கள் தாமாகவே மடங்கி விரிந்தன. கப்பலை மோதவிட்டுத் தம்பியின் படகை இரண்டாகப் பிளந்துவிட்டு, ராடாரில் ஒன்றும் தெரியவில்லை என்கிறான், போன வாரம் விசாரணை நடக்கும் கட்டடத்தில் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதியபோதுகூடக் கையைத் தூக்காமல், "அடிச்சுக்கோங்க சார், ஆனா நான் பாக்கல" என்றான், நடிப்பு, பச்சை நடிப்பு... அம்மா வேறு, "நீதான் ராடார் கணக்குப் போடுறவனாச்சே, உன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரேன்டா" என்று அழுகிறாள். போட்டான். கடலைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் ராடார் அலை பட்டுத் திரும்புவதைக் கணக்கிட ஒரு மாதம் பிடிக்கும், விசாரணையோ நாளைக்கு, அதனால் நேரத்தைத் தின்ற பகுதிகளை ஈவிரக்கமில்லாமல் வெட்டி எறிந்தான், கணக்கு பறந்தது, இதோ முடிந்தும்விட்டது, இதோ வெறும் திரையில் ஒற்றைப் புள்ளி, படகு, தம்பி! "மாட்டினியாடா நாயே!" மேசையில் விட்ட குத்தில் கோப்பை விழுந்து உடைந்தது, விரல் மூட்டில் ரத்தம், பக்கத்து இருக்கைக்காரி பதறி எழுந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"அன்னைக்குப் பேய்க்காத்தாச்சே, நுரை எங்க?"

நுரையா... உடைந்து நுரைக்கும் அலைகளைத்தானே வெட்டினான், வேலையைப் பார்த்துக்கொண்டு போயேன்டி என்று அறையலாம் போலிருந்தது, அறையவில்லை, படகைச் சுற்றிக் கொஞ்சம் கடலுக்கு மட்டும் நுரையைத் திருப்பிப் போட்டு ஓடவிட்டான். திரை முழுக்கப் புள்ளிகள் கொப்பளித்தன. உடைகிற ஒவ்வொரு அலையும் ஒரு படகு போலவே மின்னியது, இதில் தம்பி எது, இதுவா, அதோ அதுவா, இடம் தெரிந்த இவனுக்கே தெரியவில்லையே. முதல் படத்தைக் கொண்டுபோனால் போதும், எவன் கண்டுபிடிக்கப் போகிறான், இவள் ஒருத்தியைத் தவிர... கேப்டன் கம்பி எண்ணுவான். ஆனால் அந்த ஆள் நிஜமாகவே பார்க்கவில்லையோ? இரக்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. தம்பியைப் புதைத்த நாளிலிருந்து காலையில் இவனை எழுப்பிக் குளிக்கவைத்துச் சாப்பிடவைத்து வேலைக்கு அனுப்புவது அந்தக் கழுத்து ஒன்றுதான், அதுவும் கையை விட்டுப் போய்விட்டால் நாளைக்கு எதற்கு எழுந்திருப்பது?