அடிப் பீப்பாய்

1904ஆம் வருஷம் பங்குனி மாதம், திராட்சை ரசம் வடித்த அன்று காலை, ரசக் கிடங்கு மேஸ்திரி சின்னப்பனின் இடது விலாவில் கத்தியே இல்லாமல் ஒரு கத்திக்குத்து விழுந்தது. எட்டுத் தையல் போட்டார்கள். அந்த மாதம் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை விலை ஏறியிருந்ததால் ஆம்பூரில் அதைப் பற்றித்தான் பேச்சு.

ரசக் கிடங்கு ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருந்தது. ஸ்பெயின் தேசத்திலிருந்து வந்த பெத்ரோ சாமியார் பூசை ரசத்துக்காகக் கட்டியது. அவர் ஊர் முறைப்படி மூன்று அடுக்குப் பீப்பாய்கள். வருஷத்துக்கு ஒருமுறை அடிப் பீப்பாயிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் எடுக்கலாம். குறைந்ததை நடுப் பீப்பாயிலிருந்தும், அதில் குறைந்ததை மேல் பீப்பாயிலிருந்தும் நிரப்பி, மேலே புது ரசம் ஊற்ற வேண்டும். அடிப் பீப்பாயை ஒருநாளும் காலி செய்யக் கூடாது. முதல் வருஷத்து ரசம் எத்தனை வருஷமானாலும் அதில் கொஞ்சம் இருக்கும்.

சவுரியம்மாளின் புருஷன் அருளப்பன் அங்கே ரசம் வடிப்பவன். சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைக்கும்போதே, "இன்னா சவுரி, சோறு துன்னியா?" என்று கேட்பான். அந்த வருஷம் தை மாதம் ஒருநாள் அவன் வீட்டுக்கு வரவில்லை. நாட்றம்பள்ளிப் பக்கம் எவளோடோ ஓடிப்போனதாகச் சின்னப்பன் ஊரெல்லாம் சொன்னான். சவுரியம்மாள் நம்பவில்லை. புருஷன் வேலையைக் கேட்டு வாங்கி, கிடங்குச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இரண்டாம் வருஷம் சின்னப்பனுக்குக் குத்து தோளில் விழுந்தது, மூன்றாம் வருஷம் வயிற்றில். சவுரியம்மாள் அடிப் பீப்பாயின் குழாயைத் திறக்கும் நேரத்துக்குச் சரியாக விழுந்தது. சின்னப்பன் ஆற்காட்டுக்கு ஓடிப் பார்த்தான். நான்காவது அங்கேயே முதுகில் விழுந்தது. ரத்தம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து அவள் காலைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னான். சாராயக் கடைக்கு அவன் ரசம் திருடி விற்றதை அருளப்பன் பார்த்துவிட்டான். சின்னப்பன் அவனைத் தோல் அறுக்கும் கத்தியால் ஏழு குத்து குத்தி, அடிப் பீப்பாயின் மூடியைத் திறந்து உள்ளே தள்ளினான். தோல் பதனிடும் இடத்திலிருந்து புதிதாக வந்தவன் அவன். அங்கே தோல் ஊறும் குழித்தண்ணீர் சாரம் போனால் மொத்தமாகக் கொட்டிக் கழுவிவிடுவார்கள். பீப்பாயும் அப்படித்தான், கழுவும் அன்று எலும்பை ஆற்றில் போட்டுவிடலாம் என்று நினைத்தான், முட்டாள்.

"இன்னும் மூணு குத்து கீது. பீப்பாயைக் கவுத்து வுட்டுடு சவுரியம்மா, நான் பொழச்சிக்கிறேன்."

"உள்ள என் புருஷன் கீறான். எப்டிக் கவுப்பேன்?"

போலீசுக்கும் அவள் போகவில்லை. வந்தால் அவர்களும் முதலில் பீப்பாயைத்தான் கவிழ்ப்பார்கள். பீப்பாய்ப் பலகையில் நெற்றியை முட்டி முட்டி அழுதாள். ஐந்தாம் வருஷமும் ஆறாம் வருஷமும் நிதானமாகக் குழாயைத் திறந்தாள். பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

ஏழாம் வருஷம் சின்னப்பன் கோடாலியோடு வந்தான். குறுக்கே நின்றவளைக் கோடாலிக் காம்பால் வாயில் அடித்தான். மூன்று பல் போயிற்று. பீப்பாயைப் பிளந்தான். பலகைகள் சிதறின, இரும்பு வளையம் உருண்டு வாசல்வரை போனது. ரசம் மட்டும் கீழே விழவில்லை. பீப்பாய் நின்ற இடத்தில் பீப்பாய் அளவுக்கு அப்படியே நின்றது. உள்ளே எலும்பு ஒன்றுகூட இல்லை, எல்லாம் ரசத்தில் கரைந்திருந்தது. சவுரியம்மாள் ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்து, செம்பை அதற்குள் விட்டு முகந்தாள். சின்னப்பனின் கழுத்து திறந்துகொண்டது. கோடாலிமேல் தவறி விழுந்து செத்ததாகப் போலீசார் எழுதிக்கொண்டார்கள்.

ரசம் பிறகும் அப்படியேதான் நின்றது. பீப்பாய் செலவு மிச்சம் என்றார்கள். வருஷா வருஷம் மூன்றில் ஒரு பங்கு முகந்தார்கள், மேலிருந்து நிரப்பினார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால், அதன்மேல் சாயாதீர்கள் என்று சொல்லி வைப்பார்கள்.

பூசையில் ரசம் குடிப்பவர் பெத்ரோ சாமியார் ஒருவர்தான். "தாங்கள் உணவருந்தினீர்களா?" என்று புத்தகத் தமிழில் பேசி வந்த மனுஷர், வருஷம் போகப் போக ஆம்பூர்த் தமிழில் பேச ஆரம்பித்தார். 1931 பங்குனியில் ஒருநாள், பூசை முடித்துக் கிடங்குக்குள் கால் வைக்கும்போதே கேட்டார்.

"இன்னா சவுரி, சோறு துன்னியா?"

சவுரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "துன்னேன்" என்று சொல்லிவிட்டு, குறைந்ததை நிரப்பப் போனாள்.