மீதமிருந்த பதினொரு நிமிடம்

ஒவ்வொரு பிப்ரவரி பதினேழாம் தேதியும் எங்கள் ஊர்ப் பந்து மைதானத்தில் ஒரு சண்டை நடக்கும். கை நீளாத சண்டைதான். 2011-இல் அதே நாளில் அங்கே நடந்த ஆட்டத்தில், கடியப்பட்டணத்துச் சஜின் அடித்த பந்து கோலா இல்லையா என்பதுதான் விவகாரம். நாற்பது ஐம்பது பேர் கோல் போஸ்டைச் சுற்றி நின்று, கட்டன்சாயா குடித்துக்கொண்டே, பந்து போன வழியைக் காலால் மணலில் கிழித்துக் காட்டுவார்கள். கடியப்பட்டணத்திலிருந்தும் ஒரு வேன் நிறைய ஆள் வரும். சாயா தீர்ந்ததும் தீர்ப்பில்லாமல் கலைந்துவிடுவார்கள்.

அது கோல்தான். எனக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் ஊரின் கோல்கீப்பர் என் கணவர் மரியஜான். அவர் இருக்கும்வரை வாயைத் திறப்பதில்லை என்று அவரிடம் சொல்லியிருந்தேன். போன மார்ச்சில் நெஞ்சுவலி என்று ஆட்டோவில் ஏற்றினோம். நாகர்கோவில் போய்ச் சேரவில்லை.

இந்த ஜனவரியில் கிளப் செயலாளர் ஜெனோ வீட்டுக்கு வந்தான்.

"எக்கா, இந்த வருஷம் அண்ணனுக்க பேருல கப்பு வைக்கோம். நீங்கதான் குடுக்கணும்."

"கப்புல என்னலே எழுதப் போறிய?"

அவன் தலையைச் சொறிந்தான். "மரியஜான் நினைவுக் கோப்பைன்னு போடலாம்னு நான் சொன்னேன். பயலுவ, 'ஓட்டவல மரியஜான்'னு போடணும்ங்கானுவ. ஸ்நேகத்துலதான் எக்கா. வெசனப்படாதீய."

ஓட்டைவலை. வலை கட்டுவதில் எங்கள் கரையில் அவருக்கு மேல் ஆள் கிடையாது. அடுத்த ஊர்க்காரர்கள்கூடக் கிழிந்த வலையைச் சுமந்துகொண்டு வந்து எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்டவருக்குப் பதினான்கு வருஷமாக அந்தப் பட்டப்பெயர். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டு திரும்புவார்.

மாதா கோவிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது மைதானம். அரசுக் கணக்கில் அது புறம்போக்கு. கரையோரமாக ஒரு சொகுசு விடுதி வரப்போகிறது, அதற்குக் கார் நிறுத்த இந்த இடத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று என்று ஆட்டம் நடந்த அந்த வருஷத் தொடக்கத்தில் தெரியவந்தது. எல்லைக் கல் நடும் தேதியும் குறித்துவிட்டார்கள். ஊர்க்கூட்டத்தில், போராட்டப் பந்தல் போடலாம், சாலையில் உட்காரலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மரியஜானுக்கு மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கூட்டத்தின் கடைசியில் எழுந்து ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"களிப்போம்."

கல் நடும் நாளில் மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தால் எங்கே நடுவார்கள்? கடியப்பட்டணத்துக்காரர்களோடு எங்களுக்கு மூன்று தலைமுறைப் பகை, பந்தில் மட்டும். கேட்டதும் வருகிறோம் என்றார்கள். நடுவராக ரசலையன் சாரை அழைத்தோம்.

சார் நாகர்கோவிலில் பி.டி. ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சி.எஸ்.ஐ. சபைக்காரர். ஒருமுறை கிறிஸ்மஸ் கப்பில், கோட்டைத் தாண்டி வந்து கத்திய எங்கள் பங்குச்சாமியாருக்கே மஞ்சள் அட்டை காட்டியவர். ஊரே கொதித்தது. சாமியார் மட்டும், "தப்பு எனக்கதாம்லே" என்று கோட்டுக்கு வெளியே போய் நின்றார். அன்றிலிருந்து சார் இல்லாமல் எங்கள் ஊரில் ஆட்டம் கிடையாது.

அந்த வியாழக்கிழமை காலையில் மரியஜான் கோல் வலையை முற்றத்தில் விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் நான் மீன் நறுக்கும் கத்தி.

"வலையக் கெட்டப் போறியளா, அறுக்கப் போறியளா?"

"ரெண்டும்தான். ஏட்டி கிளாரா, இஞ்ச வா, இதப் பிடி."

நான் பிடித்தேன். இடது போஸ்டுக்குப் பின்னால் வரும் அடிப்பக்கத்தில் ஆறு கண்ணிகளை அறுத்தார். ஒரு பந்து நுழையும் அளவு. அறுத்த நுனிகளைப் பார்வைக்குத் தெரியாதபடி மடித்து விட்டார்.

"மதுரையில நம்ம வக்கீலு தடை உத்தரவு கேக்குறாரு. சாயங்காலம் ஆகும்னு சொல்லியாச்சு. அதுக்கு முன்ன கல்ல நட்டு எடத்த ஒப்படைச்சிட்டானுவன்னா, உத்தரவு வந்தும் வாயில வச்சுச் சவைக்க வேண்டியதுதான். களி நாலே காலுக்கு முடிஞ்சிரும். காலுல விழுந்தாலும் சாரு ஒரு நிமிஷம் கூட்டித் தரமாட்டாரு."

"அதுக்கு?"

"அவருக்கு ஒரு சந்தேகம் வரணும். சந்தேகம் வந்தா அது தீராம விசில் ஊதமாட்டாரு. ரெண்டாம் பாதியில நான் இந்த வலைக்குத்தான் நிப்பேன். சஜினுக்க காலு எப்பளும் இந்த மூலைக்குத்தான் அடிக்கும்."

"சார் வலையப் பாப்பாருல்லா?"

"பாத்துக் கண்டுபிடிச்சாருன்னா அங்கயே தச்சிருவேன். பாக்கட்டும்."

சார் எந்த ஆட்டத்துக்கு முன்பும் இரண்டு வலைகளையும் முடிச்சு முடிச்சாக இழுத்துப் பார்ப்பவர். அன்றைக்கு எதிர்ப்பக்க வலையை அப்படித்தான் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் வந்தார். நான் கோட்டின் ஓரத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன்.

"மரியஜான், இது நீரு கெட்டினதா?"

"ஆமா சார்."

"அப்ப பாக்க வேண்டாம்" என்று சார் திரும்பி நடந்துவிட்டார்.

மரியஜானின் முகத்தை நான் பார்த்தேன். கன்னத்தில் அடிவாங்கியவர் மாதிரி நின்றார். கூப்பிட்டுச் சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். சாலையில் போலீஸ் வேன் வரும் சத்தம் கேட்டது. அவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

தாலுகா அலுவலகத்து அதிகாரி ஒருவர், சர்வேயர், இரண்டு வேன் போலீஸ், லாரியில் கற்கள். நான்கு கோட்டிலும் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த அதிகாரி, "ஆட்டம் முடியட்டும். முடிஞ்ச உடனே நாங்க எங்க வேலையப் பாப்போம்" என்றார். வேனின் நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டார். போலீஸ்காரர்கள் பந்து பார்க்க வசதியான இடம் தேடி நகர்ந்தார்கள்.

எழுபத்தொன்பதாவது நிமிடத்தில் சஜின் அடித்தான். இருபத்திரண்டு வயது அவனுக்கு. இடது மூலை, தரையோடு. மரியஜான் அரை மூச்சு தாமதமாக விழுந்தார். பந்து பின்னால் கரையேற்றி வைத்திருந்த வள்ளத்தில் போய் மோதி நின்றது.

கடியப்பட்டணத்துக்காரர்கள் துள்ளினார்கள். எங்கள் ஆட்கள் "வெளிய, வெளிய" என்று கத்தினார்கள். அதில் நடிப்பே இல்லை. வெளியே போனதாகவே எல்லோரும் நம்பினார்கள். சார் ஓடிவந்து குனிந்து, வலையின் ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"மரியஜான். பந்து போஸ்டுக்கு உள்ளயா, வெளியயா?"

"கண்ண மூடிட்டேன் சார்."

பதினெட்டு வருஷம் கோல் காத்தவர் சொன்ன பதில் அது.

"சார், மாதா சத்தியமா உள்ளதான் போச்சு" என்றான் சஜின்.

"ஏலே, எந்த மாதா? உங்க ஊரு மாதாவா, எங்க ஊரு மாதாவா?" என்றார் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர்.

அங்கிருந்து ஆரம்பித்தது. கோட்டில் நின்ற துணை நடுவருக்கும் பெண்கள் எழுந்து மறைத்ததால் தெரியவில்லை. போலீஸில் இரண்டு பேர் கோல் என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். கடைசியில் சர்வேயருக்குப் பொறுக்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, சஜின் அடித்த இடத்திலிருந்து போஸ்டுக்கும், போஸ்டிலிருந்து வள்ளத்துக்கும் அளந்தார். தாளில் கோடு போட்டார். தப்பு என்று அடித்துவிட்டு மறுபடியும் அளந்தார்.

"அளக்க வந்த எடத்த விட்டுப்போட்டு இவரு எத அளக்காரு?" என்றாள் எனக்குப் பின்னால் இருந்தவள்.

"வாயப் பொத்துட்டி. அளக்கட்டும்" என்றாள் இன்னொருத்தி.

ஐந்து இருபதுக்கு மதுரையிலிருந்து போன் வந்தது. தடை கிடைத்துவிட்டது. எல்லோரும் எல்லோரையும் தூக்கினார்கள். சஜினையும் எங்கள் ஆட்களே தூக்கினார்கள். கற்கள் லாரியிலேயே திரும்பிப் போயின. ஆட்டம் பாதியில் நிற்பது யாருக்கும் நினைவில்லை, சாரைத் தவிர. அவர் போஸ்டின் பக்கத்தில் தனியாக நின்று பாக்கெட் நோட்டில் ஏதோ எழுதினார். பிறகு பஸ் ஏறிப் போய்விட்டார்.

மூன்று வருஷத்தில் வழக்கு எங்கள் பக்கம் முடிந்தது. மைதானம் நிலைத்தது. சார்தான் அதன் பிறகு வரவில்லை. எங்கள் ஊருக்கு மட்டுமல்ல, எந்த ஊருக்கும். "வலையப் பாக்காத ரெஃப்ரிக்கு விசில் எதுக்கு" என்று அழைக்கப் போனவர்களிடம் சொன்னாராம். கண் சரியில்லை என்றும் சொன்னாராம்.

மரியஜான் மாதம் ஒருமுறை நல்ல விளமீனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு நாகர்கோவில் போவார்.

"சார்ட்ட சொல்லிட்டியளா?"

"மீனக் குடுத்துட்டு வந்தேன்."

வழக்கு நடக்கும்போது சொல்லக் கூடாது என்றார். முடிந்த பிறகு, "என்னய நம்பித் திரும்பின மனுஷன்ட்ட எப்படிச் சொல்ல? எனக்க காலம் போவட்டும், நீ சொல்லு" என்றார்.

இப்போது ஜெனோ கப்பில் பெயர் போடப்போகிறான். சொன்னால், ஊர் கொண்டாடும் மனிதர் ஒரு நல்லவரை ஏமாற்றினார் என்றாகிவிடும். சொல்லாவிட்டால், எழுபத்தாறு வயதில் அந்த நல்லவர் தன் கண்ணையே சந்தேகித்துக்கொண்டு போய்ச் சேர்வார். ஒரு வாரம் யோசித்தேன். பிறகு விளமீன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சாரின் மனைவி நேசபாய் கதவைத் திறந்தார். பையைப் பார்த்ததும், "மீன்காரருக்க வீட்டுக்காரியா? உள்ள வா மக்களே" என்றார்.

நான் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு பழைய நோட்டோடு வந்தார்.

"எத்தன கண்ணி?"

"ஆறு சார்."

"எந்தப் பக்கம்?"

"இடது போஸ்டு, அடியில."

"பந்து உள்ள போனத அவரு பாத்தாரா?"

"பாத்தாரு. போஸ்டுக்கு ஒரு சாண் உள்ளன்னு அன்னைக்கே எனக்கிட்டச் சொன்னாரு."

"ஒரு சாண்" என்று சார் தனக்குள் சொன்னார். நோட்டில் அந்த ஆட்டத்தின் பக்கத்தைப் புரட்டி எடுத்தார். "எனக்கும் உள்ளன்னுதான் பட்டுது. அந்த ஓட்டையப் பாத்ததும் என்னய நானே நம்பல்ல."

"பதினாலு வருஷமா இந்த மனுஷன் கண்ணாசுபத்திரி ஏறி எறங்கினாரு" என்றார் நேசபாய், மீன் சட்டியோடு வாசல்படியில் நின்று. "டாக்டரு ஒண்ணும் இல்லன்னு சொன்னா டாக்டர மாத்துவாரு. நல்ல மீனு வருதேன்னு நானும் கேக்காம வாங்கித் தின்னுட்டேன்."

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார். "அப்ப கோல். கடியப்பட்டணம் ஒண்ணு, உங்க ஊரு சைபர்." எழுதினார். அடுத்த வரியையும் எழுதினார். "கோல்கீப்பர் மரியஜான், ஒழுங்குக்கு மாறான நடத்தை. மஞ்சள் அட்டை."

"அவரு போய்ச் சேந்தாச்சு சார்."

"களி முடியல்லியேம்மா. பதினொரு நிமிஷம் கெடக்கு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கப்பில் அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

"அது ரெஃப்ரிக்க வேலையில்ல" என்றார் சார். நான் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து, "பேரு முழுசாப் போடச் சொல்லு. பட்டப்பேரும் சேத்து" என்றார்.

ஜெனோவிடம் சொன்னபோது அவன் திண்டாடிப்போனான். "எக்கா, அப்ப பதினாலு வருஷமா நாம தோத்துட்டா சாயா குடிக்கோம்?"

"முடியல்லலே. பதினொரு நிமிஷம் கெடக்காம்."

ஊர் இரண்டு நாள் கசமுசாவென்று பேசியது. ஏமாற்று என்றார்கள் சிலர். அந்த ஏமாற்று இல்லாவிட்டால் இங்கே கார்தான் நிற்கும் என்றார்கள் சிலர். கடியப்பட்டணத்தில் அன்றைக்கே வெடி போட்டார்கள். சத்தம் எங்கள் கரை வரைக்கும் கேட்டது. கத்தாரிலிருந்து விடுப்பில் வந்திருந்த சஜின் போன் செய்து, "எக்கா, அண்ணன் நெனச்சிருந்தா அதப் பிடிச்சிருப்பாரு, இல்லியா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அது மட்டும் எனக்கு உண்மையாகவே தெரியாது.

பதினேழாம் தேதி, மீதிப் பதினொரு நிமிடத்தை ஆடி முடிக்கப் பழைய ஆட்கள் இறங்கினார்கள். வயிறுகள் சட்டைக்கு வெளியே நின்றன. ஒருவர் முட்டிக்குப் பட்டை கட்டியிருந்தார். எங்கள் கோலில் ஜெனோ. கழுத்தில் விசிலோடு, பழைய கறுப்புச் சட்டையில் ரசலையன் சார் வந்தார். கூட்டம் எழுந்து நின்றது. சார் யாரையும் கவனிக்காமல் நேராக எதிர்ப்பக்க வலைக்குப் போய், முடிச்சு முடிச்சாக இழுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் வந்தார். மேலே, பின்னால், வலது பக்கம். கால் மணி நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

இடது போஸ்டின் அடியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். விரலை ஒவ்வொரு கண்ணியாக விட்டுப் பார்த்தார்.

"இத ஆரு கெட்டினது?"

"நான்தான் சார்" என்றேன், கோட்டின் ஓரத்திலிருந்து.

"நைலானா?"

"நைலான்தான்."

தலையசைத்தார். ஆனாலும் இன்னும் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். நடுக்கோட்டுக்கு நடந்து போய், பந்தை, கோல் வாங்கிய எங்கள் அணியின் பக்கம் தள்ளிவிட்டு, விசிலை வாயில் வைத்தார்.